பென்சில் கரி வந்த வழி

கோலா கிளாவாங்கிலிருந்து சிரம்பானுக்குப் போகும் சாலை புக்கிட் தங்கா மலையில் ஏறி இறங்கும். கித்தா எனும் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்த பிறகு, நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் சிரம்பான் பக்கத்துத் தொழிற்சாலைகளில்தான் வேலை தேடிக்கொண்டார்கள். ஊரைத் தாண்டித் தெற்கே போனால் துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டை. அங்கே சாம்சுங் எஸ்டிஐ ஆலை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் தொலைக்காட்சிப் படக்குழாய் செய்ய வந்த ஆலை அது. 2012இல் மின்கலத்துக்கு மாறியது. 2022 ஜூலையில் 1.7 டிரில்லியன் வோன் முதலீட்டில் இரண்டாவது ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

அந்த இரண்டாவது ஆலை செய்ய வந்த சரக்குக்கு 21700 என்று பெயர். விட்டம் 21 மில்லிமீட்டர், உயரம் 70 மில்லிமீட்டர், அவ்வளவுதான் பெயருக்குக் காரணம். கையில் எடுத்தால் எழுபது கிராம் கனக்கும் எஃகு உருளை. லித்தியம் மின்கலம் என்று சொல்கிறோமே தவிர, உள்ளே லித்தியத்தைவிடக் கரிதான் பல மடங்கு. கணக்கு எளிது. ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் மின்னேற்றம் தாங்காது, அது அதன் இயற்கை எல்லை. இந்த அளவுக் கலம் ஏறத்தாழ 5,000 தருகிறது. வகுத்தால் பதின்மூன்று கிராமுக்கு மேல் வருகிறது. மின்னைச் சுமந்து போய்வரும் லித்தியமோ ஒன்றரை கிராம் அளவுதான். ஒரு மின்சாரக் காருக்கு இப்படிக் கணக்குப் பார்த்தால் ஐம்பது, அறுபது கிலோ கிராஃபைட் வந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பென்சிலுக்குள் இருக்கும் அதே கரி.

இந்தக் கரி எந்த மண்ணில் பிறந்து, யார் யார் கைபட்டு, எத்தனை வேஷம் போட்டு இங்கே வந்து சேர்கிறது என்பது தனிக்கதை. அதில் நம் சனங்களுக்குப் பழக்கமான ஊர்கள் பல வருகின்றன.

கோலா கிளாவாங் இருக்கும் ஜெலுபு வட்டாரத்து மண்ணுக்கும் தோண்டுவது புதிதல்ல. 1880களிலிருந்து தித்தி பக்கமெல்லாம் ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம்தான். சீனர்கள் வந்து குழி தோண்டினார்கள், துரைமார் கம்பெனி கட்டினார்கள், பிறகுதான் கித்தா மரம் நட்டார்கள். ஆனால் நம் மலைத்தொடர் கருங்கல் மலை. அது ஈயத்தைக் கொடுத்தது. கிராஃபைட்டுக்கு வேறு வகை மண் வேண்டும்.

என்ன மண் என்றால், பழங்காலக் கடலடிச் சேறு. அதில் செத்து மக்கிய நுண்ணுயிர்களின் கரி கலந்திருக்கும். அந்தச் சேறு நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய், அழுத்தத்திலும் வெப்பத்திலும் வெந்து, வேறு பாறையாக மாறும்போது கரியணுக்கள் ஒழுங்காக அடுக்கு கட்டிக்கொள்கின்றன. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் தென்னிந்தியாவும் இலங்கையும் கோண்டுவானா என்ற ஒரே கண்டமாக ஒட்டிக்கொண்ட காலத்தில் இது பெரிய அளவில் நடந்தது. இன்றைய வரைபடத்தில் மொசாம்பிக், மடகாஸ்கர், திருவனந்தபுரம், சிவகங்கை, குருநாகல் என்று புள்ளி வைத்துப் பாருங்கள். ஐந்தும் ஐந்து திசையில் கிடக்கும். அன்றைக்கு இவை அக்கம்பக்கத்து நிலங்கள்.

அடுக்கு என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் இந்தப் பொருளின் குணமெல்லாம் இருக்கிறது. வெற்றிலைக் கவுளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இலையும் கிழியாது, ஆனால் இலைமேல் இலை வழுக்கும். கிராஃபைட்டின் ஒவ்வொரு தளத்துக்குள்ளும் கரியணுக்கள் அறுகோணமாகக் கைகோத்து இறுக்கமாக நிற்கின்றன. தளத்துக்கும் தளத்துக்கும் இடையே பிடிமானம் பெயருக்குத்தான். அதனால்தான் தாளில் இழுத்தால் கோடாகக் கழன்று வருகிறது, இயந்திரத்தில் போட்டால் எண்ணெய் இல்லாமலே வழுக்குகிறது. அதே இடைவெளிக்குள் லித்தியம் வந்து உட்கார்ந்தால் மின்கலமாகிறது. மின்சாரம் அதில் பாயும். சாதாரணக் காற்றழுத்தத்தில் எவ்வளவு சூடேற்றினாலும் உருகாது. ஒரே பொருளில் இத்தனை குணம் அமைவது அபூர்வம். 1779இல் சீலே என்ற வேதியியலாளர் எரித்துக் காட்டும் வரைக்கும் ஐரோப்பாவில் இதை ஒருவகைக் காரீயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

உலகச் சந்தையில் இது பெரிய அளவில் பேர் வாங்கியது இலங்கையில். அங்கே கிடைப்பது தனி வகை: பாறை வெடிப்புகளுக்குள் நரம்பு நரம்பாக ஓடும் கட்டிக் கரி. தோண்டி எடுக்கும்போதே தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சுத்தம். குருநாகல், கேகாலை, களுத்துறை வட்டாரங்களில் சின்னச் சின்னக் குழிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. கொடியாலும் காட்டுமரத்தாலும் கட்டிய ஏணியில் ஆள் இறங்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெட்டி, கையால் சுற்றும் உருளையில் மேலே ஏற்றினார்கள். கொழும்பில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சின்னக் கோடரியால் கல்லைத் தட்டிக் கழித்து, கட்டி, சில்லு, தூள், பறக்கும் தூள் என்று தரம் பிரித்து மரப்பீப்பாயில் அடைத்தார்கள். பறக்கும் தூள் என்பது வியாபாரத் தரத்தின் பெயர். அதற்கும் விலை இருந்தது. மூச்சோடு உள்ளே போனதற்கு மட்டும் கணக்கு இல்லை.

பீப்பாய்கள் போன முக்கிய இடங்களில் இரண்டைச் சொல்லலாம். லண்டன் பாட்டர்சீயில் மோர்கன் சகோதரர்கள் 1856இல் தொடங்கிய உருக்குக் குகை ஆலை, அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஜோசப் டிக்சனின் ஆலை. குகை என்பது நம் தட்டார்கள் தங்கம் உருக்கும் மண்கிண்ணம்தான், இங்கே அதைவிடப் பெரிது. களிமண்ணோடு கிராஃபைட் சேர்த்துச் சுட்ட குகை, அடுப்பிலிருந்து எடுத்துக் குளிரில் வைத்தாலும் வெடிக்காது. உருகிய உலோகம் அதில் ஒட்டாது. முதல் உலகப் போரில் துப்பாக்கித் தோட்டாவுக்குப் பித்தளை உருக்கக் குகை தேவைப்பட்டபோது இலங்கைக் கரிக்கு யோகம் அடித்தது. 1916இல் 33,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதி. போர் முடிந்ததும் மடகாஸ்கர் செதிற்கரி மலிவாக வந்தது, மின்சார உலைகள் வந்தன, குகைக்கு வேலை குறைந்தது. குழிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிறைந்து மூடின. இன்று போகலையும் கஹட்டகஹவும் மாதிரி சிலதான் ஓடுகின்றன. கஹட்டகஹ 600 மீட்டர் ஆழம் போகிறது.

அந்த நல்ல காலத்தில் கரியில் பணம் பண்ணிய குடும்பங்களில் ஒன்று சேனநாயக்க குடும்பம். இலங்கையின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் தகப்பனார் டொன் ஸ்பேட்டர் கரிச்சுரங்க முதலாளி. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பிரதமரின் அரசு கொண்டுவந்தது. கிராஃபைட்டின் கதைக்கு இது அவசியமா என்று கேட்கலாம். நிலத்தடிச் செல்வம் யாரை அரண்மனைக்கு ஏற்றுகிறது என்பதும் அதன் பயணத்தில் ஒரு பகுதி என்றுதான் எனக்குப் படுகிறது.

மோர்கன் கம்பெனி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் வெள்ளநாடு பக்கமும் சுரங்கம் நடத்திப் பார்த்தது. ஆழம் போகப் போகக் கட்டுப்படியாகாமல் கைவிட்டது. தமிழ்நாட்டின் முறை வந்தது பின்னால்.

சிவகங்கை என்றால் மலேசியத் தமிழர்களில் பலருக்கு அது தாத்தா பாட்டியின் ஊர். பழைய ராமநாதபுரம் மாவட்டத்துச் சனங்கள் பலர் கப்பலேறி இங்கே பால்மரக் காட்டுக்கு வந்தார்கள். ஈய லம்பத்துச் சீனர்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் வட்டிக்குப் பணம் கொடுத்த செட்டியார்களின் காரைக்குடியும் தேவகோட்டையும் இன்று அதே மாவட்டம். வானம் பார்த்த பூமி, சீமைக்கருவேலம், கண்மாய். பஞ்சத்துக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவர்களின் காலடியில் மண்ணுக்குக் கீழே கரி கிடந்திருக்கிறது. அது அவர்களுக்குத் தெரிந்திருந்தாலும் ஒரு பிரயோசனமும் இருந்திருக்காது. சிவகங்கையை ஒட்டிய புதுப்பட்டி, குமாரிப்பட்டி, செந்தியுடையநாதபுரம் ஆகிய ஊர்களில் 600 ஏக்கர் அளவுக்குத் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனம், டாமின் என்பார்கள், நிலம் எடுத்துச் சுரங்கம் வைத்தது.

இலங்கையைப் போல இங்கே கட்டியாக வராது. பாறைக்குள் செதில் செதிலாகப் பரவிக் கிடக்கும். சராசரியாக நூற்றுக்குப் பதினான்கு பங்குதான் கரி. அதாவது நூறு கிலோ கல்லை வெட்டி ஏற்றினால் எண்பத்தாறு கிலோ வெறும் கல். இந்தப் பதினான்கைத் தொண்ணூற்றாறு ஆக்குவதுதான் ஆலையின் வேலை. அது நடக்கும் விதம் பார்க்கவே வேடிக்கையானது.

முதலில் கல்லை நொறுக்குகிறார்கள். பிறகு தண்ணீரோடு சேர்த்து ஆலையில் அரைக்கிறார்கள். ரொம்பவும் நைசாக அரைத்துவிடக் கூடாது. செதில் பெரிதாக இருந்தால் விலை அதிகம், அரைபட்டுத் தூளானால் விலை போச்சு. அரைத்த குழம்பைத் தொட்டியில் விட்டு, கொஞ்சம் டீசலோ மண்ணெண்ணெயோ, நுரைப்பதற்குப் பைன் எண்ணெயும் சேர்த்து, அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். கிராஃபைட்டுக்குத் தண்ணீர் ஆகாது. மணலும் மற்றக் கல்லும் நனைந்து அடியில் தங்க, கரிச்செதில் மட்டும் காற்றுக்குமிழில் தொற்றிக்கொண்டு மேலே வரும். தொட்டியின் விளிம்பு முழுக்கக் கரும்பளபளப்பான நுரை, வெயில் பட்டால் வெள்ளி மாதிரி மின்னும். துடுப்பு சுழன்று அந்த நுரையை வழித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். வழித்த நுரையை இன்னொரு முறை மெதுவாக அரைத்து, மறுபடி மிதக்கவிட்டு, மறுபடி வழித்து, இப்படிப் பல சுற்று. கடைசியில் வடிகட்டி உலர்த்திச் சாக்கில் கட்டுவது 96 சதவீதம் கரி. 

இந்தச் சாக்கு போகும் இடம் பெரும்பாலும் இரும்பாலை. உருக்கிய இரும்பு தொடும் உலையின் உட்சுவரில் மக்னீசியாவோடு கிராஃபைட் கலந்த செங்கல் பதிப்பார்கள். குகைக்கும் மோட்டார் கார்பன் பிரஷுக்கும் கொஞ்சம் போகும். பென்சிலுக்கு உலகம் முழுக்கச் சேர்த்தாலும் சொற்பம்தான். சில சாக்குகள் வேறு ரூபத்தில் செம்பனை ஆலைக்கும் வந்து சேரக்கூடும். பெரிய செதிலை அமிலத்தில் ஊறவைத்துத் திடீரென்று சூடேற்றினால், அடுக்குகளுக்குள் புகுந்த அமிலம் ஆவியாகி, செதில் நெளிந்து நீண்டு நூறு மடங்குக்கு மேல் ஊதிவிடும். அதை அப்படியே அழுத்தினால் பசை எதுவும் சேர்க்காமல் தகடாகவும் நாடாவாகவும் பிடித்துக்கொள்ளும். ஆலையில் பழக்குலையை வேகவைக்கும் ஸ்டெரிலைசருக்கு நீராவி போகும் வால்வுகளில், தண்டைச் சுற்றி அடைக்கும் கறுப்புக் கயிற்றுப் பேக்கிங் இதனால் செய்ததுதான்.

பிட்டர் வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும். வால்வு ஓரத்தில் நீராவி சீறினால் நட்டைத் தளர்த்தி, பழைய பேக்கிங்கைக் கொக்கியால் கிளறி எடுத்து, புதுக் கயிற்றைத் தண்டின் மேல் ஒரு சுற்று வைத்துச் சாய்வாக வெட்டி, வெட்டுவாய் ஒன்றன்மேல் ஒன்று வராமல் வளையம் வளையமாக இறக்குவார்கள். முன்பு இந்தக் கயிறு ஆஸ்பெஸ்டாஸ். நுரையீரலைக் கெடுக்கும் அந்தச் சனியனை விரட்டியதில் கிராஃபைட்டுக்குப் பங்கு உண்டு. வேலை முடிந்து கையைக் கழுவினால் சாம்பல் பூசிய மாதிரி மினுமினுப்பு சோப்புக்கும் போகாது. தண்ணீர் ஆகாதென்று சொன்னேனே, அதே குணம்.

நிலத்தில் பிறக்காத கிராஃபைட்டும் உண்டு. எடிசனிடம் வேலை பார்த்த எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர் மின் உலையில் கார்போரண்டம் என்ற சாணைக்கல்லைக் கண்டுபிடித்தவர். அதை அளவுக்கு மீறிச் சூடாக்கியபோது சிலிக்கான் ஆவியாகிப் போய்ச் சுத்தமான கிராஃபைட் மிஞ்சியது. 1896இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். நயாகரா அருவியின் மின்சாரத்தில் ஆலை ஓடியது. கோடிக்கணக்கான ஆண்டு வேலையை மனிதன் உலைக்குள் சில நாளில் முடித்துவிட்டான். இன்று பெட்ரோலியக் கோக்கை 3,000 பாகை வரைக்கும் சூடாக்கிச் செய்யும் செயற்கைக் கிராஃபைட்தான் கார் மின்கலங்களில் பாதிக்கு மேல். மின்சாரக் கட்டணம் எங்கே மலிவோ அங்கே இதன் பிறந்த வீடு. நிலக்கரி எரித்து உண்டாக்கும் மின்சாரமாகவும் அது பெரும்பாலும் இருக்கிறது. பசுமைக் கார் என்று சொல்லும்போது இந்த உலையை யாரும் விளம்பரத்தில் காட்டுவதில்லை.

அச்சிசன் இன்னொன்றும் செய்தார். கிராஃபைட்டை மிக நுண்ணிய தூளாக்கித் தண்ணீரில் கலங்கி நிற்கும்படி ஒரு குழம்பு, அக்குவாடாக் என்று பெயர். பழைய தொலைக்காட்சிப் படக்குழாயின் புனல் பகுதியில் உட்புறம் கறுப்பாக ஒரு பூச்சு இருக்குமே, அது இந்த வகைக் குழம்புதான். ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தைக் கண்ணாடிச் சுவரில் பரப்புவது அந்தப் பூச்சின் வேலை. ஆக, மின்கலம் செய்ய ஆரம்பிக்கும் முன்பே, படக்குழாய் காலத்திலேயே இந்தக் கரி சிரம்பானுக்குப் பழகிய விருந்தாளி. அந்தக் காலத்து டிவிப் பெட்டிகளில் தோட்டத்து லயத்தில் தமிழ்ப்படம் பார்த்தவர்கள் கரிப்பூச்சுக்கு நடுவில் வந்த வெளிச்சத்தைத்தான் பார்த்தார்கள்.

பென்சிலிலிருந்து மின்கலத்துக்குத் தாவியது நேற்றைய சங்கதி. ரஷீத் யசாமி என்ற மொராக்கோக்காரர் 1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபில் நகரில் லித்தியத்தைக் கிராஃபைட்டுக்குள் ஏற்றி இறக்கிக் காட்டினார். ஜப்பானில் அகிரா யோஷினோ 1985இல் பெட்ரோலியக் கோக்கை வைத்து வேலை செய்யும் கலத்தை உருவாக்கினார். 1991இல் சோனி கடைக்குக் கொண்டுவந்தது. 2019 நோபல் பரிசில் யோஷினோ பெயர் இருந்தது, யசாமி பெயர் இல்லை. பரிசுக் குழுவுக்கு மூன்று பேர் என்ற வரம்பு உண்டு, அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது.

ஆனால் சிவகங்கைச் சாக்கை நேரே அவிழ்த்து மின்கலத்தில் கொட்ட முடியாது. 96 போதாது, 99.95 வேண்டும். செதிலும் ஆகாது, உருண்டை வேண்டும். தட்டையான செதில்கள் தாமிரத் தகட்டில் படுத்துக்கொண்டால் லித்தியம் உள்ளே நுழைய ஓரம் கிடைக்காது. ஆகவே காற்றுச்சுழல் ஆலைகளை வரிசையாக வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தள்ளி, செதிலை மடக்கி உருட்டி, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள குருணையாக்குகிறார்கள். இதில் போட்டதில் பாதிக்கு மேல் தூளாக வீணாகிவிடும். மிஞ்சியதை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து ஒட்டியிருக்கும் மணல் துகளைக் கரைக்கிறார்கள். தோலில் பட்டால் எலும்பு வரை அரிக்கிற அமிலம் அது. பிறகு கழுவி, தார்ப்பிசின் பூசி, மீண்டும் சூளையில் சுடுகிறார்கள்.

இந்த நடுவேலை அநேகமாக முழுக்கச் சீனாவில். உலகத்துக் கிராஃபைட்டில் முக்கால் பங்கு அங்கே தோண்டுகிறார்கள் என்பது ஒரு பக்கம். உருட்டிச் சுத்தம் செய்வதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அவர்கள் கையில். மொசாம்பிக்கில் தோண்டியதும் பெரும்பாலும் அங்கே போய்த்தான் உருண்டு வர வேண்டும். ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துக் கிராமங்களில் வீட்டுத் தரையிலும் பயிரிலும் மினுக்கும் தூசி படிவதைப் பற்றிச் செய்தியாளர்கள் 2010களில் எழுதினார்கள். கறுப்பு வேலையை மற்ற நாடுகள் வேண்டாமென்று ஒதுக்கியதுதான் அவர்களுக்கு ஏகபோகம் ஆகிவிட்டது. 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து கிராஃபைட் ஏற்றுமதிக்குச் சீன அரசின் அனுமதி வேண்டும் என்றானதும், மற்ற நாட்டு மின்கல ஆலைகள் எல்லாம் மாற்று வழி தேட ஓடின.

கித்தாத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. மரமும் மங்கும் பாலும் நம் பக்கம், டயரும் லாபமும் வேறு பக்கம். தோண்டுகிறவனுக்கும் சீவுகிறவனுக்கும் எடைக்குக் கூலி. வடிவம் கொடுக்கிறவன் விலை வைக்கிறான். சிவகங்கைக் கிராஃபைட்டையும் உருட்டிச் சுத்திகரித்து மின்கலத் தரத்துக்குக் கொண்டுபோனால்தான் அந்த மாவட்டத்துக்கு நாலு காசு மிஞ்சும். 96இலேயே நிறுத்திச் சாக்குக் கட்டினால் மிஞ்சாது.

உருட்டிய கரி மின்கல ஆலைக்கு வந்ததும் நடப்பது சுவாரசியமானது. தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய தாமிரத் தகட்டின் இரு பக்கமும் பூசி, நீண்ட சூளைக்குள் ஓடவிட்டு உலர்த்தி, உருளைகளுக்கு நடுவில் நசுக்குகிறார்கள். பூச்சு உதிராமல் இருக்க ஒட்டுப்பசை வேண்டுமே? இந்தத் தொழிலில் வழக்கமாகச் சேர்ப்பது செல்லுலோஸ் கோந்தும் ஸ்டைரீன் பியூட்டடையீன் ரப்பரும். அதாவது செயற்கை ரப்பர். 1942இல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து இயற்கை ரப்பர் நின்றுபோனதும் அமெரிக்கா ராட்சத வேகத்தில் ஆலை கட்டி உற்பத்தி செய்தது இதைத்தான். நம் தோட்டத்துச் சனங்களை ஜப்பானியர் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போன அதே காலம். போர் முடிந்து திரும்பி வந்து பார்த்தபோது பால்மரத்துக்குப் போட்டியாக நின்றதும் இதே ரப்பர்தான். இன்று அது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்காகக் கரியோடு கலந்து தாமிரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பூசிய தகட்டையும், எதிர்முனைத் தகட்டையும், இடையில் பிரிக்கும் மெல்லிய படலத்தையும் சேர்த்துச் சுருட்டி எஃகு உருளைக்குள் இறக்கி, திரவம் ஊற்றி மூடுகிறார்கள். முதல்முறை மின்னேற்றும்போது கரிக்குருணையின் மேல் ஒரு தோல் படிகிறது. கலத்தின் ஆயுள் அந்தத் தோலின் தரத்தைப் பொறுத்தது, ஆகவே ஆலையில் அதை அவசரப்படுத்தாமல் நிதானமாகச் செய்வார்கள். அப்புறம் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் லித்தியம் தளங்களுக்கு இடையே நுழைகிறது. ஆறு கரியணுவுக்கு ஒரு லித்தியம். உள்ளே நிறைய நிறையக் கரியின் நிறமே மாறுகிறது: முதலில் நீலம், பிறகு சிவப்பு, முழுக்க நிறைந்ததும் பொன்னிறம். ஆய்வகத்தில் கண்ணாடி வைத்த கலத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். முழுதாகச் சார்ஜ் ஏறிய கைத்தொலைபேசிக்குள் இருப்பது கறுப்புக் கரி இல்லை, தங்க நிறக் கரி. பத்து சதவீதம் பருமனும் கூடியிருக்கும். இறங்க இறங்க மறுபடி கறுக்கும். இப்படி ஆயிரம் தடவை வீங்கிச் சுருங்கியும் தளங்கள் குலையாமல் நிற்பதுதான் இந்தப் பொருளின் சாமர்த்தியம்.

இப்போது நம் தோட்டத்துக்கே கரி தேடி ஆள் வருகிறது. மலேசியாவில் 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் செம்பனை. ஆலையில் எண்ணெய் எடுத்தபின் கொட்டையின் ஓடு மலைமலையாகக் குவிகிறது. இதிலிருந்து கிராஃபைட் செய்கிறோம் என்று சொல்லிக் கிராஃப்ஜெட் என்ற மலேசிய நிறுவனம் 2024இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. ஆலைக்கு இடம் குவாந்தான். சுரங்கமே வேண்டாம், அமிலக் குளம் வேண்டாம், கொட்டை ஓடு போதும் என்பது கேட்க இனிக்கத்தான் செய்கிறது.

எனக்குச் சந்தேகம் உண்டு. அதற்குப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. டிஎன்ஏ ஆராய்ச்சியால் பெயர் பெற்ற ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் அதற்கு முன்பு கரி ஆராய்ந்தவர். 1951இல் அவர் எழுதிய கட்டுரை கரிகளை இரண்டு சாதியாகப் பிரித்தது: சூடேற்றினால் ஒழுங்காக அடுக்குக் கட்டிக் கிராஃபைட்டாவது ஒன்று, 3,000 பாகைக்கு ஏற்றினாலும் முரண்டு பிடித்து ஒழுங்குக்கு வராதது இன்னொன்று. மரம், ஓடு, கொட்டாங்கச்சி எல்லாம் பொதுவாக இரண்டாவது சாதி. இரும்போ நிக்கலோ வினையூக்கியாகச் சேர்த்து அதை வழிக்குக் கொண்டுவரலாம் என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். நிறுவனமும் தன்னிடம் தனி வழிமுறை இருப்பதாகச் சொல்கிறது. ஆய்வகத்தில் கிண்ணத்தளவு செய்வதும் கார் ஆலைக்கு மாதாமாதம் ஒரே தரத்தில் கொடுப்பதும் வேறு வேறு. வாங்குகிறவர்கள் வருஷக்கணக்கில் சோதித்துப் பார்க்காமல் புதுக் கரியைத் தொட மாட்டார்கள்.

ஓட்டுக்குப் போட்டியும் இல்லாமல் இல்லை. செம்பனை ஆலைகள் தங்கள் பாய்லரையே ஓட்டையும் நாரையும் எரித்துத்தான் ஓட்டுகின்றன. மிஞ்சியதை ஜப்பான் மின்நிலையங்கள் கப்பல் கப்பலாக வாங்குகின்றன. குப்பை என்று ஒருகாலத்தில் தோட்டச் சாலையில் கொட்டிய ஓட்டுக்கு இன்று டன் கணக்கில் விலை பேசுகிறார்கள். கிராஃபைட் ஆலை அதைவிடக் கூடக் கொடுத்தால் ஓடு அங்கே போகும், இல்லாவிட்டால் ஜப்பானில் எரியும்.

மின்கலத்துக்குள் போன கரிக்குச் சாவும் உண்டு. எட்டு வருஷமோ பத்து வருஷமோ கழித்துக் கலத்தை உடைத்து அரைத்தால் கறுப்பாக ஒரு தூள் கிடைக்கும். அதைத் தேடி வியாபாரிகள் வருவது நிக்கலுக்காக, கோபால்ட்டுக்காக, லித்தியத்துக்காக. எடையில் கணிசமான பங்கு கிராஃபைட்தான், ஆனாலும் நெடுநாள் அதை யாரும் சட்டை செய்யவில்லை. உருக்குலையில் போட்டால் அது மற்ற உலோகங்களைப் பிரித்தெடுக்க உதவும் எரிபொருளாகி, கரியமில வாயுவாகப் புகைக்கூண்டில் போய்விடுகிறது. அமிலமுறையில் கரைத்தால் கடைசியில் கரையாமல் மிஞ்சும் கசடு அதுதான். புதுக் கிராஃபைட் கிலோ சில டாலருக்குக் கிடைக்கும்போது பழையதைக் கழுவிச் சுட்டு மறுபடி 99.95க்குக் கொண்டுவர யாரும் செலவழிக்கவில்லை. சீனாவின் அனுமதிச் சீட்டு வந்தபின் சில ஆலைகள் அந்தக் கசட்டையும் எடுத்துச் சோதிக்க ஆரம்பித்திருக்கின்றன.